மாரித்தாய் பேரில் ஒரு மூட்டு

டணார் என்று ஒரு சத்தம். எவர்சில்வர் குடம் குழாயடியிலிருந்து உருண்டு போய்ச் சாக்கடைக் கல்லில் இடித்து நின்றது. குடத்துக்காரி மாரித்தாய் ஈரத்தரையில் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்திருந்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. வலது கால் அவளைக் கேட்காமல் மடங்கிக்கொண்டது. மற்ற உடம்பு அதன் பின்னாலேயே போய்விட்டது.

சங்கரன்கோவிலில் நகராட்சித் தண்ணீர் வருகிற நாளில் யாரும் யாருக்காகவும் வரிசையை விட மாட்டார்கள். அன்றைக்கு நாலைந்து பேர் குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். அவர்களை எல்லாம் முந்திக்கொண்டு வந்தவள் பொன்செல்வி.

"எக்கா, அசையாத. எங்கன வலிக்கு?"

"வலி கிடக்கட்டும். குடம் ஒடுங்கிட்டான்னு பாரு."

"நீ ஒடுங்கிட்டியான்னு பாக்க வந்தா, இவ குடத்தைக் கேக்கா."

பொன்செல்வி இடது காலை ஊன்றி, குனிந்து, அக்காவை அலாக்காகத் தூக்கி நிறுத்தினாள். அறுபதைத் தாண்டியவளுக்கு அந்த இடது கால் கம்பம் நட்டதுபோல நின்றது. நிற்காமல் என்ன செய்யும்? அதற்குள் இருப்பது மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் வைத்த புது மூட்டு. அந்த மூட்டு மாரித்தாய் பேரில் வைத்தது.

இதைக் கொஞ்சம் நிதானமாகத்தான் சொல்ல வேண்டும்.

மாரித்தாயும் பொன்செல்வியும் கூடப்பிறந்தவர்கள். பிறந்த ஊர் இளையரசனேந்தல். அக்காவைக் கட்டியவர் நெடுஞ்சாலைத் துறையில் வேலை பார்த்த மருதப்பன். கல்யாணமாகி ஏழு வருஷம் பிள்ளை இல்லை என்றதும் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கூடிப் பேசி, தங்கையையும் அவருக்கே கொடுத்தார்கள். கோயிலில் வைத்துத் தாலி கட்டினார். ஆபீசில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வேலை போய்விடும். ஆகவே சர்க்காரைப் பொறுத்தவரை மருதப்பனுக்கு ஒரே மனைவி, அவள் பெயர் மாரித்தாய். பொன்செல்விக்கு ஒரு மகனும் மகளும் பிறந்து, அவர்களும் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டார்கள். இன்றைக்கும் ரேஷன் கார்டில் பொன்செல்வி தனி ஆள். அவள் மருதப்பனைக் கூப்பிடுவதும் சின்ன வயசில் கூப்பிட்ட அதே 'அத்தான்' தான்.

வீடு ஒன்று. நடுவில் ஒரு செங்கல் சுவர். இந்தப் பக்கம் ஓர் அடுப்பு, அந்தப் பக்கம் ஓர் அடுப்பு. மருதப்பன் மத்தியானம் மாரித்தாய் வீட்டில் சாப்பிடுவார், ராத்திரி பொன்செல்வி வீட்டில். மாதம் பிறந்தால் ஏ.டி.எம்.மில் பென்ஷனை எடுத்து வந்து மூன்று பங்காக்குவார். இரண்டு பங்கு இரண்டு அடுப்புக்கு. ஒன்று தனக்கு.

அவர் ரிட்டையரான சமயம், பென்ஷன்காரர்களுக்கான மருத்துவக் காப்பீட்டுக்குப் போட்டோ எடுக்க வரச் சொல்லியிருந்தார்கள். அவருக்கும் மனைவிக்கும் சேர்த்து அந்தக் காப்பீடு. மாதாமாதம் பென்ஷனிலேயே ஒரு தொகையைப் பிடித்துக்கொள்வார்கள். அந்த வாரம் பார்த்து மாரித்தாய் இளையரசனேந்தலில் உளுந்து பிடுங்கிக்கொண்டிருந்தாள். இவளுக்காகக் காத்திருக்க மருதப்பனுக்குப் பொறுமை இல்லை. பக்கத்துச் சுவரைத் தட்டினார். பொன்செல்வி சேலை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். கார்டில் பேர் மாரித்தாய், படம் பொன்செல்வி.

"அக்கா தங்கச்சி ரெண்டும் ஒரே அச்சு. எவன் உத்துப் பாக்கப் போறான்" என்று அன்று மருதப்பன் சிரித்தார். மாரித்தாயும் சேர்ந்துதான் சிரித்தாள். பேருதானே, கொடுத்தால் தேய்ந்தா போகும் என்று நினைத்தாள்.

தேயத்தான் செய்தது. முதலில் பொன்செல்விக்குப் பித்தப்பையில் கல், மாரித்தாய் பேரில் எடுத்தார்கள். பிறகு இடது மூட்டு, அதுவும் மாரித்தாய் பேரில். இரண்டு தடவையும் கஞ்சித் தூக்கைச் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தவள் உண்மையான மாரித்தாய்.

இதற்கு நடுவில் வருஷா வருஷம் ஆனி மாதம் ஒன்று நடக்கும். மருதப்பன் மாரித்தாயின் பங்கிலிருந்து ஐம்பது ரூபாயைத் திரும்ப எடுத்துக்கொள்வார்.

"இன்சூரன்ஸ் பிடித்தம் இந்த வருஷமும் கூடிப் போச்சு. உன் பேருக்குத்தான பிடிக்கான், உன் பங்குலதான எடுக்கணும்."

நியாயமாகத்தான் தோன்றும். போன ஆனியில் குறைத்தது குறைத்ததுதான், இந்த ஆனிக்கு இன்னும் ஐம்பது. அவள் முதலில் வெற்றிலையை விட்டாள், பிறகு சாயங்காலக் காப்பியை, அதற்கப்புறம் சந்தைப் பக்கம் போய் மீன் வாங்குவதை.

குழாயடியில் விழுந்த மறுநாள் எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"ரெண்டு மூட்டும் தேஞ்சிருக்கு. வலது ரொம்ப மோசம். இனி ஊசி போட்டு ஓட்ட முடியாது, மாத்தியே ஆகணும். தள்ளிப்போட்டா படுக்கைதான். ஐயா பென்ஷன்காரர்தான? கார்டு இருக்கும். கைக்காசு பெரிசா ஆகாது."

மாரித்தாய் மருதப்பனைப் பார்த்தாள். மருதப்பன் மின்விசிறியைப் பார்த்தார்.

ஆட்டோவில் வீட்டுக்கு வந்து, அவர் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்ட பிறகு மாரித்தாயே ஆரம்பித்தாள்.

"திங்கக்கிழமை போயிருவோம். கார்டை எடுத்து வையுங்க."

"எந்தக் கார்டை?"

"எம்பேருக்கு மாசாமாசம் பிடிக்காகளே, அந்தக் கார்டை."

"அது ஆகாது மாரி."

"ஏன் ஆகாது?"

மருதப்பன் குரலைத் தாழ்த்தினார். "முந்தி மாதிரி இல்லட்டி. இப்ப ஆஸ்பத்திரியிலேயே முகத்தைப் படம் பிடிச்சு, ஏற்கெனவே இருக்க படத்தோட சேத்துப் பாக்கான். நீ போயி நின்னா அதுல பொன்செல்வி வருவா. போதாததுக்கு மாரித்தாய்க்கு இடது மூட்டு மாத்தியாச்சுன்னு அதுலயே இருக்கும். டாக்டரு எக்ஸ்ரேயப் பாத்தாருன்னா உன் இடது காலுல வெறும் எலும்புல்லா இருக்கும்."

"என் காலுல என் எலும்பு இருக்கது குத்தமா?"

"குத்தம்னு யாரு சொன்னா? மாட்டிக்கிடுவோம்னு சொல்லுதேன்."

"அப்ப எனக்கு என்னதான் வழி?"

அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. யோசித்துத்தான் வைத்திருந்தார்.

"பொன்செல்விக்கு ஏழைகளுக்குக் குடுக்க இலவசக் காப்பீட்டுக் கார்டு இருக்குல்லா. தனி ரேஷன் கார்டு, வருமானமில்ல, அதனால மூட்டு மாத்துன பொறவு கிடைச்சது. அதுல படம் மங்கலாத்தான் விழுந்திருக்கு. நீ அதை எடுத்துட்டுப் போ. பேரு கேட்டா பொன்செல்வின்னு சொல்லு. ஒரு வாரந்தான்."

வேடிக்கைக்குச் சொல்கிறாரோ என்று மாரித்தாய் அவர் முகத்தில் தேடினாள். இல்லை, மனுஷன் நிஜமாகத்தான் சொல்கிறார்.

"இத்தனை வருஷமா எம்பேரை அவளுக்கு மாட்டி விட்டிய. இப்ப அவ பேரை எனக்கு மாட்டி விடப்போறிய. அப்ப மாரித்தாயின்னு ஒருத்தி எங்கதான் இருக்கா?"

"பேருல என்னட்டி இருக்கு?"

"ஒண்ணுமில்லன்னா எம்பேருக்குப் பிடித்தம் கூடுச்சு, கூடுச்சுன்னு வருஷாவருஷம் எம்பங்குல எதுக்குக் கைய வச்சிய?"

"அது கெவர்மெண்டு கூட்டுதான். நான் என்ன செய்ய?"

"ஏன் கூட்டுதான்?"

"கூட்டுதான்னா கூட்டுதான். உனக்கு அது விளங்காது."

விளங்காது என்ற சொல் மாரித்தாய்க்கு வலது மூட்டைவிட அதிகமாகக் குத்தியது.

"விளங்குதவுக யாரும் இருப்பாகல்லா. அவுககிட்ட கேட்டுக்கிடுதேன்."

"ஏளா, சும்மா கிட. வெளிய தெரிஞ்சா பென்ஷனே நின்னுரும். ரெண்டு அடுப்பும் அணைஞ்சிரும், பாத்துக்கோ."

சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றிருந்தது. பொன்செல்வி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது இருவருக்கும் தெரியும்.

ஓய்வூதியர் சங்கம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம், ஒரு உரக்கடையின் மாடியில் இருந்தது. சனிக்கிழமை காலையில் அங்கே பத்துப் பதினைந்து பேர் பேப்பர் படித்துக்கொண்டு, சர்க்காரை வைதுகொண்டு இருப்பார்கள். பெண்கள் யாரும் அந்த மாடி ஏறிய வழக்கமில்லை. மாரித்தாய் ஏறவில்லை. ஆட்டோவை விட்டு இறங்கி, உரக்கடை வாசலில் யூரியா மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"அண்ணாச்சி, மேல சங்கத்துல செகரட்டரி இருந்தா கீழ வரச் சொல்லுங்க."

கடைக்காரர் சிரித்தார். "சங்கத்துக்கு நாமதாம்மா ஏறிப் போகணும்."

"எனக்கு மூட்டு இல்ல. அவுகளுக்கு இருக்குல்லா, இறங்கி வரட்டும்."

செயலாளர் விஜயராஜ் இறங்கித்தான் வந்தார். முன்னாள் பள்ளிக்கூட ஹெட்கிளார்க். மருதப்பனைவிட மூன்று வயது சின்னவர். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் வேடிக்கை பார்க்க வந்து படிக்கட்டிலேயே நின்றுகொண்டார்கள்.

"என்ன மதினி, நீங்க எங்க இங்கன? அண்ணாச்சிக்கு மேலுக்குச் சுகமில்லையா?"

"அவுக நல்லாத்தான் இருக்காவ. எனக்கு ஒரு விவரம் வேணும். இந்த இன்சூரன்ஸ் பிடித்தம் இருக்குல்லா, அது வருஷாவருஷம் ஏன் கூடுது?"

விஜயராஜுக்கு முகம் மலர்ந்தது. இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவர்போலப் பக்கத்து மூட்டையில் உட்கார்ந்தார்.

"கூடுது, நிசந்தான். ஆஸ்பத்திரி விலை கூடுது. புதுப்புது வைத்தியத்தைச் சேக்கான். நம்ம ஆளுகளும் இப்ப எம்பது தொண்ணூறுன்னு இருக்கோம். செலவு கூடக் கூடப் பிடித்தமும் கூடும். நாங்க போராடிப் பாத்துட்டோம். ஆனா வருஷாவருஷம்னு யாரு சொன்னா?"

"கூடாதா?"

"கூடாது மதினி. இன்சூரன்ஸ் கம்பெனிகூட ஒரு தடவை ஒப்பந்தம் போட்டா நாலஞ்சு வருஷத்துக்கு அதுதான். அது முடிஞ்சு புதுசா போடும்போதுதான் தொகையை மாத்துவாக. நடுவுல ஒத்தப் பைசா கூட்ட முடியாது."

"ஆனி மாசம் ஆனி மாசம் கூடாதா?"

"ஆனிக்கும் அதுக்கும் என்ன இருக்கு? அண்ணாச்சி ரிட்டையரான பொறவு மொத்தமே ரெண்டு மூணு தடவைதான் கூடியிருக்கும்."

படிக்கட்டில் நின்ற இருவரில் ஒருவர் இருமினார். மாரித்தாய் யூரியா மூட்டையின் தையலை விரலால் நெருடிக்கொண்டிருந்தாள். வெற்றிலை, காப்பி, மீன். ஒவ்வொன்றாக அவள் கையை விட்டுப் போன ஆனி மாதங்கள் வரிசையாக எதிரே வந்து நின்றன. அவற்றில் இரண்டோ மூன்றோ சர்க்கார் எடுத்தது. மிச்சம் எல்லாம் மருதப்பன் எடுத்தது.

"இன்னொண்ணு. கார்டுல படம் மாறிக் கிடந்தா எங்க திருத்தணும்?"

விஜயராஜ் சட்டென்று தெருவைப் பார்க்க ஆரம்பித்தார். மருதப்பனின் இரண்டு அடுப்பு ஊருக்கே தெரியும், அவருக்கும் தெரியும்.

"அண்ணாச்சி கருவூலத்துல எழுதிக் குடுக்கணும்."

"அவுக குடுக்க மாட்டாவ."

"அப்ப விட்ருங்க மதினி. கிளறாதிய. எல்லாருக்கும் தெரிஞ்ச விசயந்தான். தெரிஞ்சும் யாரும் பேசுததில்ல. அப்பிடியே கிடக்கட்டுமே."

"எல்லாருக்கும் தெரிஞ்சதைக் கம்ப்யூட்டருக்கு மட்டும் எதுக்கு மறைக்கணும்?"

அவள் எழுந்தபோது விஜயராஜ் கை கொடுத்து ஆட்டோவில் ஏற்றிவிட்டார். அதற்குமேல் செய்ய அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மத்தியானம் மருதப்பன் கை கழுவிவிட்டு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எதிரே தட்டு இருந்தது. தட்டில் ஒன்றுமில்லை. அடுப்பில் பூனை படுத்திருந்தது.

"ஏட்டி, உலை வைக்கலையா?"

"வைக்கல."

"ஏன்?"

"பிடித்தம் கூடிப் போச்சு."

அவருக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் முகம் சுருங்கியது.

"எவன் என்ன சொன்னான் உங்கிட்ட?"

"ஆனி மாசத்துக்கும் இன்சூரன்சுக்கும் ஒரு சம்மந்தமும் இல்லன்னு சொன்னாக. எங்கே போச்சு அந்தத் துட்டெல்லாம்?"

"ஆம்பளைக்குக் கைச்செலவு இருக்காதா? நாலு பேரு டீ வாங்கிக் குடுத்தா நாமளும் திருப்பி வாங்கிக் குடுக்க வேண்டாமா?"

"எம்பேரைச் சொல்லியா டீ குடிச்சீரு?"

நாற்பத்தைந்து வருஷத்தில் அவள் வாயில் அவருக்கு 'நீங்க' என்பதைத் தவிர வேறு வந்ததில்லை. இப்போது 'நீரு' என்று வந்தது. அது அவள் காதிலேயே புதுசாக விழுந்தது. ஆனால் திரும்பப் பெற்றுக்கொள்ள அவளுக்கு மனமில்லை.

"திங்கக்கிழமை நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன். எம்பேரைச் சொல்லி, என் முகத்தைக் காட்டப் போறேன். நீரு வந்தா வாரும். வராட்டா கிடயும். அதுவரைக்கும் இந்த அடுப்புல உமக்குச் சோறு கிடையாது."

"போலீசு கேசுன்னு ஆனா என்ன செய்வ?"

"கேக்கவுகளுக்குப் பதில் சொல்லுவேன். நான் யாரு பேரையும் எடுக்கலையே."

மருதப்பன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். வாசலில் டி.வி.எஸ். வண்டி மூன்று உதைக்குப் பிறகு கிளம்புகிற சத்தம் கேட்டது.

சாயங்காலம் பொன்செல்வி வந்தாள். கையில் மூடிய கிண்ணத்தில் சோளக்கஞ்சி. அக்கா பக்கத்தில் வைத்துவிட்டு, சுவரோரமாகச் சாய்ந்து நின்றாள். புது மூட்டு இருந்தும் உட்காரவில்லை.

"எக்கா, நீ போயிச் சொன்னா என்னைப் பிடிச்சுட்டுப் போயிருவாகளா?"

"எதுக்கு உன்னைப் பிடிக்கணும்? கூட்டிட்டுப் போயிப் படம் எடுத்தவரு அவரு. கையெழுத்துப் போட்டவரும் அவருதான்."

"ஆப்பரேசன் பண்ணிக்கிட்டவ நானுல்லா."

மாரித்தாய் கஞ்சியை ஒரு மடக்குக் குடித்தாள். உப்பு சரியாக இருந்தது. தங்கை எப்போதும் உப்பில் தவறமாட்டாள்.

"உன் மேல ஒரு தூசி விழ விடமாட்டேன் பொன்னு. ஆனா நான் படுக்கையில விழுந்து, நீ எனக்கு மலம் அள்ளிப் போடுத நிலைமைக்கும் வரமாட்டேன். எனக்கு நடக்கணும். எம்பேருல நடக்கணும்."

பொன்செல்வி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று ராத்திரி சுவருக்கு அந்தப் பக்கம் மருதப்பன் சாப்பிடுகிற சத்தம் கேட்டது. பேச்சுச் சத்தம் கேட்கவில்லை.

திங்கட்கிழமை மாரித்தாய் தனியாகத்தான் போனாள். ராஜபாளையம் ரோட்டில் இருந்த தனியார் ஆஸ்பத்திரி. உள்ளே நுழைந்ததும் வலதுபக்கம் காப்பீட்டுக்கென்று ஒரு மேசை. அங்கே ஷிரின் பானு என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். புளியங்குடிக்காரி. முக்காட்டைச் சரிசெய்துகொண்டே இரண்டு போனுக்குப் பதில் சொல்லி, எதிரே நிற்கிறவருக்கும் பதில் சொல்லக்கூடிய கெட்டிக்காரி.

ஆதாரை வாங்கி எண்ணைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். மாரித்தாயைப் பார்த்தாள். மறுபடி திரை.

"அம்மா, பேரு மாரித்தாய். சரி. ஆனா படம் உங்க மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கே."

"அது என் படம் இல்ல தாயி."

"அப்புறம் இடது மூட்டு ஏற்கெனவே மாத்தினதா காட்டுது. நீங்க இப்ப வலதுக்கு வந்திருக்கீங்களா?"

மாரித்தாய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சேலையை முட்டிக்கு மேல் ஏற்றினாள். வரிசையில் நின்ற ஆண்கள் அவசர அவசரமாகக் காலண்டரைப் பார்த்தார்கள்.

"இடது காலைப் பாத்துக்கோ. வெட்டுன தழும்பு எங்கயாச்சும் இருக்கா?"

"இல்லம்மா."

"நான்தான் மாரித்தாய். மாசாமாசம் எம்பேருக்குத்தான் பிடிக்காவ. பித்தப்பை எடுத்ததும் நானில்ல, மூட்டு மாத்துனதும் நானில்ல. இனிமே மாத்தப் போறது நான். இதை எங்க எழுதணுமோ எழுது."

ஷிரின் பானு போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். "அம்மா, இது சின்ன விஷயம் இல்ல. உங்க வீட்டுக்காரரு வந்து..."

வீட்டுக்காரர் வந்துகொண்டுதான் இருந்தார். வாசலில் டி.வி.எஸ்.ஸை நிறுத்திவிட்டு, பொன்செல்வியைப் பின்னால் இழுத்துக்கொண்டு, மூச்சு வாங்க உள்ளே வந்தார்.

"மாரி, எந்திரி. வீட்டுக்குப் போயிப் பேசிக்கிடுவோம். பாப்பா, இவளுக்கு விவரம் தெரியாது, ஏதாச்சும் ஒளறியிருப்பா, நீ ஒண்ணும் எழுதிராத."

ஷிரின் பானு அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் நின்ற முகத்தையும் திரையில் இருந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், இந்தப் படத்துல இருக்கவங்க இவங்கதான. இவங்க உங்களுக்கு யாரு?"

மருதப்பன் பொன்செல்வியைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு அந்த நேரத்தில் பென்ஷன் ஞாபகம் வந்திருக்கும், கருவூலம் ஞாபகம் வந்திருக்கும், வரிசையில் நின்றவர்களில் சங்கத்துக்காரர் ஒருவர் இருந்ததும் கண்ணில் பட்டிருக்கும். உதட்டை நக்கிக்கொண்டார்.

"இவளா... இவ நம்ம வீட்டுல ஒத்தாசைக்கு நிக்குத பொம்பளை."

யாரோ டோக்கன் நம்பரைச் சத்தமாகக் கூப்பிட்டார்கள். யாரும் நகரவில்லை.

மாரித்தாய்க்கு வலது காலில் வலி இருந்ததே மறந்துபோனது. மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"வாயக் கழுவும். அவ எந்தங்கச்சி. உம்ம ரெண்டு பிள்ளையப் பெத்தவ. இன்னொரு தடவை அந்த வார்த்தையைச் சொன்னீருன்னா, இங்கன இருக்க எல்லாருக்கும் கேக்கப் பூராக் கதையையும் நானே சொல்லுவேன்."

"மெதுவாப் பேசுட்டி..."

"எதுக்கு மெதுவா? நாப்பது வருசமா மெதுவாப் பேசிப் பேசித்தான் எம்பேரைப் பறிகுடுத்தேன்."

அதற்குள் பொன்செல்வி மருதப்பனைத் தாண்டி வந்து, அக்கா எழுந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளும் சேலையை ஏற்றினாள். இடது முட்டியின் நடுவே நீளமாக, பளபளவென்று ஒரு தழும்பு.

"தாயி, இந்த மூட்டு எனக்கு வச்சது. பித்தப்பையும் என்னுதுதான். எம்பேரு பொன்செல்வி. இதை எழுதிக்கோ. எங்கன கையெழுத்துப் போடணும்னு காட்டு."

"பொன்னு, நீ சும்மா இரு" என்றாள் மாரித்தாய்.

"நீ சும்மா இரு எக்கா."

ஷிரின் பானு தயங்கினாள். "அம்மா, எழுதினா விசாரணை வரும். அந்த ஆப்பரேஷனுக்கு ஆன பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லலாம். சாருக்கு என்ன வரும்னு எனக்குத் தெரியாது. இவங்களுக்கும் உடனே அனுமதி கிடைக்காது, விசாரணை முடியணும். நல்லா யோசிச்சுக்கோங்க."

"நாங்க யோசிச்சாச்சு. முடியட்டும், காத்துக்கிடுதோம்" என்றாள் மாரித்தாய். "முதல்ல என் படத்தை எடு."

மருதப்பன் அங்கேயே நின்று ஏதோ சொல்லப் பார்த்தார். சங்கத்துக்காரர் கிட்டே வந்து, "வாரும் வே, வெளிய காத்தாட நிப்போம்" என்று தோளில் கை வைத்துக் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது மருதப்பன் திரும்பிப் பார்த்தார். இரண்டு பேரும் அவரைப் பார்க்கவில்லை.

சின்னக் கேமராவை மாரித்தாய்க்கு நேரே திருப்பினாள் ஷிரின் பானு. தலையைக் கொஞ்சம் நிமிர்த்தச் சொன்னாள். சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பொன்செல்வி தன் வாக்குமூலத்தின் கீழே ஒவ்வோர் எழுத்தாகப் பெயரை எழுதி முடித்துப் பேனாவை நீட்டினாள். தன் பெயரை ஆஸ்பத்திரியில் அவள் எழுதுவது அதுதான் முதல் தடவை.

இரண்டு பேரும் சுவரோரப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். அடுத்து யாரைப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பெண் விசாரித்துச் சொல்வதற்காகக் காத்திருந்தார்கள். மாரித்தாய் தங்கையின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கோபம் இன்னும் முழுசாகத் தணியவில்லை. ஆனால் அது யார் மேல் என்று இப்போது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஒன்று மட்டும் புரியாமல் இருந்தது.

"ஏட்டி பொன்னு, நீ எப்பயும் பொய் சொல்லப் பயப்படுதவ. ஒரு பத்து ரூவாயக்கூட மறைக்கத் தெரியாது உனக்கு. இந்த ஒரு பொய்யில மட்டும் எப்படிட்டி இத்தனை வருசம் வாயத் திறக்காமக் கிடந்த? நான் நொண்டிக்கிட்டு வாரது உனக்குத் தெரியும்லா, ஒரு நாளாச்சும் எம்பேரைத் திருப்பித் தந்திருக்கலாம்லா?"

பொன்செல்வி தழும்பின் மேல் சேலையை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"அந்த ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக் கிடந்தப்ப மட்டுந்தாக்கா, நர்சுப் பிள்ளை அத்தானைக் கூப்பிட்டு, என்னைக் காட்டி, 'உங்க சம்சாரம்'னு சொல்லிச்சு."